புதுப்பிப்பு: கெண்ட் காட்டில் செஸ்ட்நட்டும் கயிறும்
அக்டோபர் முகாமுக்காக இங்கிலாந்தின் கெண்ட் பகுதிக்குப் புறப்படுமுன், உண்ணத்தகும் ஸ்வீட் செஸ்ட்நட்டையும் நஞ்சுள்ள ஹார்ஸ் செஸ்ட்நட்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று இங்கே கேட்டிருந்தேன். மேலோடே விடை சொல்லிவிடுகிறது: முன்னதில் ஊசி போன்ற மெல்லிய முட்கள் நெருக்கமாக அடர்ந்திருக்கும், கொட்டையின் நுனியில் சிறு குஞ்சமும் உண்டு, பின்னதில் தடித்த முட்கள் சிலவே, கொட்டையும் குஞ்சமின்றி உருண்டிருக்கும். கீறாமல் நெருப்பிலிட்டால் வெடிக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் கத்தியால் கீறியே சுட்டோம்.

ஆனால் என் மனத்தை முழுதும் கவர்ந்தது கயிறு திரித்தல்தான். நெட்டில் (nettle) எனப்படும், தொட்டால் அரிக்கும் செடியின் தண்டிலிருந்து உரித்து ஏற்கெனவே உலர்த்தி வைத்திருந்த நாரை நனைத்து, இரண்டு புரிகளையும் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கி, எதிர்ப்பக்கமாகச் சேர்த்துத் திரிக்கும்போது அவை ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. முழ நீளக் கயிற்றுக்கே எனக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது.