தோமாவின் அறிக்கையை எப்படி வாசிப்பது?

வேதமாணவன்:
"மேசியா தேவனல்ல என்போர் யோவான் 20:28-ஐ என்ன செய்வார்கள்? உயிர்த்தெழுந்த இயேசுவைச் சீஷரான தோமா 'என் ஆண்டவரே! என் தேவனே!' என்று அழைத்தாரே" என்று நிசேயன் கேட்டிருந்தார். அந்த வசனத்தை நான் தாண்டிப்போகவில்லை. ஆனால் அதற்குப் பதினொரு வசனம் முன்பே, கல்லறையருகே அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாளிடம் அதே இயேசு, "என் தேவனிடத்திற்கும் உங்கள் தேவனிடத்திற்கும் ஏறிப்போகிறேன்" என்கிறார். மரணத்தை வென்ற பிறகும் தமக்கு ஒரு தேவன் உண்டென்று சொல்கிறவரை, அந்தத் தேவனுக்குச் சமமானவராக என்னால் வாசிக்க முடியவில்லை. இயேசு தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து என்று நாம் விசுவாசிக்கவே இவை எழுதப்பட்டன என்றுதான் யோவானும் அந்த அதிகாரத்தை முடிக்கிறார்.

நிசேயன்:
சகோதரரே, "நம்முடைய தேவன்" என்று சொல்லாமல் "என்", "உங்கள்" என்று அவர் பிரித்துச் சொன்னதைக் கவனியுங்கள். மனுஷனானவர் என்ற நிலையில் பிதா அவருக்குத் தேவன் என்பதைத் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவ விசுவாசிகள் மறுப்பதில்லை. என் கேள்வி வேறு. லீஸ்திராவில் ஜனங்கள் தங்களைத் தேவர்களென்று எண்ணிப் பலியிட வந்தபோது பவுலும் பர்னபாவும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடித் தடுத்தார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் தன்னை வணங்க விழுந்த யோவானைத் தூதன் தடுக்கிறான். தோமாவை மட்டும் இயேசு தடுக்கவில்லையே, ஏன்?

ஆதிவார்த்தை:
நீங்கள் இருவரும் சொல்லாத ஒரு வாசிப்பு உண்டு. அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ் சொன்னது அது: குமாரன் யுகங்களுக்கு முன்பே இருந்தவர், உலகம் அவர் மூலமாகவே உண்டானது, ஆயினும் அவருக்கு ஒரு தொடக்கம் உண்டு. நீதிமொழிகள் 8:22-இல், குமாரனாகக் கருதப்பட்ட ஞானத்தைக் கர்த்தர் "ஆதியாகக் கொண்டிருந்தார்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொன்னாலும், அன்றைய சபை வாசித்த, பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அங்கே "சிருஷ்டித்தார்" என்றே இருந்தது. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் ஆரியுஸைத் தள்ளியதால் அந்த வசனம் மறைந்துவிடவில்லை. வேதமாணவனிடம் ஒன்று கேட்கிறேன்: மரியாளிடத்தில் பிறப்பதற்கு முன் மேசியா இல்லவே இல்லை என்றால், உலகம் உண்டாகுமுன்னே பிதாவிடத்தில் தமக்கிருந்த மகிமையைப் பற்றி அவர் பேசும் யோவான் 17:5-ஐ எப்படி விளக்குவீர்கள்?

வேதமாணவன்:
அது எங்களுக்குக் கடினமான வசனம்தான், ஒப்புக்கொள்கிறேன். "உலகத்தோற்றமுதல் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி" என்பதைப் போல, தேவனுடைய தீர்மானத்தில் உறுதியானதை ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லும் வேத வழக்காக அதை வாசிக்கிறேன். போலந்தின் ராக்கோவில் 1605-இல் ஞானோபதேச வினாவிடையை வெளியிட்ட, திரித்துவத்தை ஏற்காத சகோதரர்களும் கிறிஸ்துவின் முன்னிருப்பை மறுத்தவர்களே. ஆனாலும் அவர்கள் கிறிஸ்துவை நோக்கி ஜெபித்தார்கள். திரித்துவத்தை மறுத்த திரான்சில்வேனியப் போதகர் ஃபெரென்ஸ் டேவிட்டோ, ஜெபம் பிதாவுக்கு மட்டுமே உரியது என்றதற்காக டேவா கோட்டையில் அடைக்கப்பட்டு, 1579-இல் சிறையிலேயே இறந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பாட்டியின் வேதாகமத்தில் 1 யோவான் 5:7 சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிடப்பட்டிருக்கிறது; பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்னும் வசனம் அது. அறிஞர் எராஸ்முஸ் 1516-இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இல்லை, 1522-இல்தான் சேர்ந்தது; அது பிற்காலச் சேர்க்கை. அந்தச் சிவப்பு அடிக்கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

நிசேயன்:
அந்த வசனத்தை நானும் ஆதாரமாக எடுப்பதில்லை. நிசேயாவில் கூடினவர்களும் அதன்மேல் நிற்கவில்லை. டேவிட்டைச் சிறையிலிட்டதும், 1553-இல் ஜெனீவாவில் திரித்துவத்தை மறுத்த செர்வெட்டஸை உயிரோடு எரித்ததும் பாவமே. ஆனால் லீஸ்திராவைப் பற்றி நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வேதமாணவன்:
சொல்கிறேன். 1 நாளாகமம் 29:20-இல் சபையார் எல்லாரும் தலைகுனிந்து கர்த்தரையும் ராஜாவையும் பணிந்துகொண்டார்கள்; தாவீது தடுக்கவில்லை, ஏனென்றால் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவருக்குச் செலுத்தும் பணிவு கர்த்தரையே சேரும். லீஸ்திரா மக்கள் பவுலை மெர்க்கூரி என்னும் அந்நிய தேவன் என்று நினைத்தார்கள். தோமா நின்றதோ தேவன் அனுப்பின மேசியாவின் முன்னால். எல்லா நாவும் இயேசுவைக் கர்த்தரென்று அறிக்கைபண்ணும் என்கிற பிலிப்பியர் 2:11-உம் "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக" என்றுதான் சொல்கிறது.

நிசேயன்:
அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும் என்று ஏசாயா 45:23-இல் கர்த்தர் தம்மேல் ஆணையிட்டுச் சொன்னதைப் பவுல் அங்கே இயேசுவின் நாமத்துக்குக் கொடுக்கிறார். தாவீதுக்கு யாரும் அதைக் கொடுத்ததில்லை.