படகின் ஓட்டுநர் இருக்கையை மாற்ற யோசனை தேவை

வணக்கம். மலேசியாவின் பாகான் டத்தோவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் சிறிய கேபின் வைத்த 24 அடி ஃபைபர் படகு இருக்கிறது. பேராக் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி, புலாவ் செம்பிலான் தீவுகள் பக்கம் குடும்பத்தோடு போய்வர அது போதும். ஓட்டுநர் இருக்கைதான் தலைவலி.

தையல் விட்டு, உள்ளிருக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்துக் கிடக்கிறது. உட்கார்ந்தால் கால்சட்டை நனைகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இருக்கையைத் தாங்கும் அலுமினியத் தூணின் அடித்தட்டில், ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளைச் சுற்றி அலுமினியம் அரித்து வெள்ளை மாவு பூத்திருக்கிறது. அலை மோதினால் இருக்கையே ஆடுகிறது. தரையைத் தட்டினால் அந்த இடத்தில் மட்டும் மந்தமான சத்தம். உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது என்றே நினைக்கிறேன்.

மேலிருந்து வெட்டிப் புதுப் பலகை வைத்து ஃபைபர் பூசுவதா, அடியில் கனத்த தகடு கொடுத்து இறுக்கினால் போதுமா? ஊறிய பலகை மேல் தகடு எத்தனை நாள் நிற்கும் என்பது என் கவலை.

டவுனில் குஷன் தைப்பவர் பழைய லாரி சீட்டைப் பொருத்தித் தருகிறேன் என்கிறார். பாதி விலைதான், ஆனால் அதன் இரும்புச் சட்டம் உப்புக்காற்றில் தாங்காது. எனக்கு விருப்பமில்லை.

ஸ்பிரிங் வைத்த தூண் போட்டவர்கள் இருக்கிறீர்களா? முதுகுக்கு நல்லதுதான். ஆனால் உயரம் கூடுமே; என் மைத்துனர் ஓட்டும்போது அவர் கால் தரைக்கு எட்டாது. ஆற்றில் மிதந்து வரும் கட்டைகளைப் பார்க்க நான் நின்றுதான் ஓட்டுவேன் என்பதால், முன்பகுதி மடங்கும் இருக்கை கிடைத்தால் நல்லது.

லுமுட்டிலோ கிள்ளானிலோ 316 ரக (உப்புநீரை நன்கு தாங்கும் ஸ்டெயின்லெஸ்) போல்ட்டும் இருக்கை உறைக்கு வெயில் தாங்கும் படகு வினைலும் கிடைக்கும் கடை தெரிந்தால், விலையோடு சொல்லுங்கள்.