கிராமச் சேகரத்துக்கு வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக்: எதை வைப்பது, எப்படி நடத்துவது?

தேரிக்காடு கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரு போதகரின் (ஐயரவாளின்) பொறுப்பில் உள்ள சபைகள். தாய்ச்சபையும் இரண்டு கிளைச்சபைகளும் சேர்த்து 280 குடும்பம். பாதிப்பேர் சென்னை, கோவை, மும்பை, வளைகுடா என்று வெளியே இருக்கிறார்கள். அசனத்துக்கும் (சபை விருந்து) கிறிஸ்துமஸுக்கும்தான் ஊருக்கு வருவார்கள்.

இப்போது கையில் இருப்பது 410 பேர் உள்ள ஒரே வாட்ஸ்அப் குழு, வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவரின் ஜிமெயிலில் திறந்த யூடியூப் சேனல், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஃபேஸ்புக் பக்கம். குழுவில் தினமும் அறுபது எழுபது "காலை வணக்கம்" படங்கள். அதற்குள் அடக்க ஆராதனை நேரம் புதைந்துபோகிறது.

நேரலைக்கு 2 ஜிபி பேக் போட்ட சிம், ஸ்டாண்டில் ஒரு போன், அவ்வளவுதான். 8:30க்குத் தொடங்கினால் 9:40 வாக்கில், சரியாகப் பிரசங்கத்தின் நடுவில் படம் உறைந்துவிடும். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. போதாததற்கு ஒரு வீடியோவுக்குக் காப்பிரைட் அறிவிப்பு வேறு.

அறுப்பின் பண்டிகைக்கு முன் சீர்செய்ய வேண்டும். கமிட்டி 10,000 ரூபாய்க்கு மேல் தராது. எங்கிருந்து தொடங்கலாம்?

மிக்ஸர்மேடை எழுதியது:

உறைவதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 720பி நேரலை நொடிக்கு 4 மெகாபிட் எடுத்தால், 2 ஜிபி ஏறத்தாழ 66 நிமிடத்தில் தீரும். 8:30 + 66 நிமிடம் = 9:36. அதன்பிறகு பெரும்பாலான பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும், அதில் நேரலை போகாது. டவரையோ யூடியூபையோ குறை சொல்ல ஒன்றுமில்லை.

யூடியூபின் போன் செயலியில் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவை) நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. சேகர அலுவலகத்தில் லேப்டாப் இருக்குமே, அதில் ஓ.பி.எஸ். என்ற நேரலை மென்பொருளை நிறுவுங்கள், இலவசம். 1280×720, 30 ஃப்ரேம், வீடியோ 1500 கேபிபிஎஸ், ஆடியோ 128, கீஃப்ரேம் 2 நொடி. இந்தக் கணக்கில் இரண்டு மணி நேரத்துக்கு 1.5 ஜிபிதான் ஆகும். பரிந்துரைத்த அளவைவிடக் குறைவு என்று யூடியூப் மஞ்சள் எச்சரிக்கை காட்டும், விட்டுவிடலாம். அசையாத கேமரா, அசையாத பீடம், 1500 போதும். பவனி, நடனம் உள்ள நாளில் மட்டும் 2500 வைத்து, கூடுதல் டேட்டா போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. போன் செயலி வழியே நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும், ஓ.பி.எஸ். வழியே அந்த நிபந்தனை இல்லை. புதுச் சேனல் என்றால் போன் எண்ணை உறுதிசெய்தபின் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம்வரை ஆகும். சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தொடங்காதீர்கள்.

கேமராவாக அதே போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைக்கலாம், அதற்குச் செயலிகள் இருக்கின்றன. அதில் சிம் வேண்டாம், விமானப் பயன்முறையில் போடுங்கள். நேரலை நடுவில் ஓர் அழைப்பு வந்தால் கதை முடிந்தது. ஹாட்ஸ்பாட்டுக்கு வேறொரு போனை ஜன்னலோரம் சார்ஜரோடு வைத்துவிடுங்கள். பீடத்துக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் ஐயரவாள் முகம் கறுத்துத் தெரியும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவை லாக் செய்யுங்கள்.

இனி சத்தம். பணத்தைப் போட வேண்டிய இடம் இதுதான். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், பிரசங்கம் கேட்கவில்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இருபதடி தள்ளி நிற்கும் போனின் மைக்கில் கட்டடத்தின் எதிரொலிதான் விழும், கிணற்றுச் சத்தம் அதுதான். மிக்ஸரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (ஸ்பீக்கருக்குப் போவதல்லாத தனி வெளியீடு) ஒரு கம்பி, ஆர்.சி.ஏ. உள்ளீடு உள்ள சாதாரண யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மிக்ஸர் சத்தத்தை லேப்டாப்புக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக லேப்டாப்புக்கு. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும். லேப்டாப்பின் மைக் துளையில் நேரே செருகாதீர்கள். மிக்ஸரிலிருந்து வருவது அதற்குத் தாங்காத பலமான சிக்னல், கரகரக்கும்.

வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு பெரும்பாலும் தனி ஆம்ப்ளிஃபையரில் ஓடும், மிக்ஸருக்கே வராது. அதனால் நேரலையில் பாட்டு அநாதையாகக் கேட்கும். அதை மிக்ஸருக்குள் கொண்டுவாருங்கள். சபையார் பாடுவது கேட்க, தூணில் ஒரு மைக் கட்டி அதை ஆக்ஸுக்கு மட்டும் கொஞ்சமாக அனுப்புங்கள். ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ஊளையிடும். ஒரு காதில் மட்டும் கேட்டால் ஓ.பி.எஸ்.ஸில் "மோனோ" டிக் செய்யுங்கள். அளவுமானி உச்சத்தில் -12க்கும் -6க்கும் இடையில் நிற்கட்டும். "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரையும் மிக்ஸரையும் ஒரே பிளக் போர்டில் போடுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் பேட்டரியில் ஓட்டுங்கள். உதடும் குரலும் பொருந்தாவிட்டால் கேமரா முன் ஒரு தடவை கைதட்டிப் பதிவுசெய்து பாருங்கள். சத்தம் முந்தி வந்தால் ஆடியோவுக்கு 100 முதல் 300 மில்லிநொடி தாமதம் கொடுத்தால் சேர்ந்துவிடும்.

காப்பிரைட் விஷயம். வேதநாயகம் சாஸ்திரியார் இறந்தது 1864இல். அவர் கீர்த்தனையை உங்கள் பாடகர் குழு பாடினால் யாரும் உரிமை கேட்க முடியாது. அதே கீர்த்தனையை இன்றைய கம்பெனி வெளியிட்ட டிராக்கைப் போட்டுப் பாடினால், டிராக்கின் ஒலிப்பதிவு அந்தக் கம்பெனியுடையது. யூடியூபின் இயந்திரம் அதைத்தான் பிடிக்கிறது. மதச் சடங்கின்போது பாடுவதற்கும் இசைப்பதற்கும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(za) பிரிவில் விலக்கு தருகிறது என்று வாதாடலாம், ஆனால் இயந்திரம் சட்டப்புத்தகம் படிப்பதில்லை. ஆராதனைக்கு முன் சிடி ஓடும் நேரத்தில் நேரலை ஆடியோவை மியூட் செய்யுங்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

ஃபேஸ்புக் நேரலையை விட்டுவிடுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து அங்கே நேரலைப் பதிவுகள் 30 நாளில் தானாக அழிகின்றன.

பனைநிழல் எழுதியது:

மிக்ஸர்மேடை அண்ணன் சொன்னதில் ஃபேஸ்புக் பற்றி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நேரலைக்கு வேண்டாம், சரி. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய வெளியூர் சபையார் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். பண்டிகைக்குப் பிறகு 15, 20 நல்ல படம், ஆண்டுக்கு ஆறேழு முறை. அதற்குமேல் அந்தப் பக்கத்துக்கு உழைக்க வேண்டாம்.

உங்கள் முதல் வேலை வாட்ஸ்அப். அறிவிப்புக்கும் அரட்டைக்கும் ஒரே இடம் என்பதுதான் நோய். "யாரும் குட்மார்னிங் போடக்கூடாது" என்று கட்டளை போட்டால் நாலு நாள் நிற்கும், ஐந்தாம் நாள் யாராவது ரோஜாப்பூவோடு வருவார். ஒரு கம்யூனிட்டி உருவாக்குங்கள். அதில் தானாக வரும் அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும், சபையார் எண்களும் ஒருவருக்கொருவர் தெரியாது. பெண்பிள்ளைகளின் எண்ணைக் குழுவிலிருந்து எடுத்துத் தொந்தரவு செய்வது இதனால் பெருமளவு குறையும். அதன்கீழ் பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கம், இரு கிளைச்சபைகள் என்று தனித்தனிக் குழு. பழைய 410 பேர் குழுவை அழிக்க வேண்டாம், "ஐக்கியம்" என்று பேர் மாற்றி அரட்டைக்கு விட்டுவிடுங்கள். ரோஜாப்பூவுக்கும் ஓரிடம் வேண்டும்.

பிராட்காஸ்ட் பட்டியல் போடலாமே என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். அதில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச்சேரும். ஒத்துவராது.

அறிவிப்புக் குழுவில் வாரத்துக்கு நாலைந்து செய்திக்குமேல் போகக்கூடாது. சனி மாலை 7 மணிக்கு மறுநாள் ஆராதனை நேரம், வேதபாடங்கள், பாட்டு எண்கள். ஞாயிறு காலை நேரலைச் சுட்டி. புதன் கூட்ட ஜெபம் யார் வீட்டில் என்பது. மரணச் செய்தி மட்டும் எந்நேரமும். மரணச் செய்திக்கு ஓர் அச்சு வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், வயது, தெரு, இன்னாரின் தாய் அல்லது தகப்பன், வீட்டில் ஜெபம் எத்தனை மணி, ஆலயத்தில் எத்தனை மணி, எந்தக் கல்லறைத் தோட்டம். சபை ஊழியர் வீட்டாரிடம் நேரில் உறுதிசெய்யாமல் போடவே கூடாது. ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருப்பவருக்கு "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போட்டுவிட்டால் எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் தீராது.

டிசைன் போஸ்டர் மட்டும் போடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, கண் மங்கியவரால் பெரிதாக்கிப் படிக்கவும் முடியாது. விஷயத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து படத்தின்கீழே போடுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் "fh" "jp" மாதிரிக் குப்பையாக விழும், முதலில் மாற்றியில் கொடுத்து எடுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு அதே அறிவிப்பை 40 நொடிக் குரல்பதிவாகவும் போடலாம். நிமிடத்தைத் தாண்டினால் கேட்கமாட்டார்கள்.

ஜெபவிண்ணப்பம். நோயின் பெயர், வார்டு எண், குழந்தையில்லாத விஷயம், வரன் தட்டிப்போன விஷயம், இதெல்லாம் குழுவுக்கு வரக்கூடாது. "ஒரு சகோதரியின் அறுவைசிகிச்சைக்காக, வியாழன்" என்றால் ஆண்டவருக்குப் புரியும். விவரத்தை ஐயரவாளுக்குத் தனியே அனுப்பச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் படம்: வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பதிவுப் படிவத்திலேயே "படம் வெளியிடச் சம்மதம் / சம்மதமில்லை" என்று ஒரு வரி, பெற்றோர் கையெழுத்து. சம்மதமில்லாத பிள்ளைகளுக்கு வேறு நிறப் பேட்ஜ் கொடுத்தால் படம் எடுப்பவருக்கு வேலை சுலபம். முகமும் பெயரும் சேர்ந்து வரவேண்டாம். அந்த வீடியோவை யூடியூபில் "குழந்தைகளுக்கானது" என்று குறித்தால் கருத்துப்பெட்டி மூடிவிடும், நல்லதுதான். ஆனால் ஞாயிறு ஆராதனையைத் தவறி அப்படிக் குறித்துவிட்டால் நேரலை அரட்டையும் போய்விடும். திருவிருந்து நேரத்தில் கேமராவைப் பீடத்தோடு நிறுத்துங்கள். முழங்கால் போட்டிருப்பவர் முகம் யாருக்கும் வேண்டியதில்லை.

டயோசிசன் (திருமண்டல) தேர்தல் வருடத்தில் "ஐக்கியம்" குழு போர்க்களமாகும். வேட்புமனு தொடங்கும் நாளிலிருந்து முடிவு வரும்வரை அதையும் நிர்வாகி மட்டும் எழுதும் நிலைக்கு மாற்றுவதாக இப்போதே கமிட்டித் தீர்மானம் போட்டுவையுங்கள். அந்த நேரத்தில் மாற்றினால் "எங்கள் அணியை அடக்குகிறார்கள்" என்பார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ரெண்டு பேரும் தொடாததைச் சொல்கிறேன்: சாவி யார் கையில்?

தம்பியின் ஜிமெயிலில் சேனல் இருந்தால் அது தம்பியின் சேனல். அவர் துபாய் போனாலும், கோபித்துக்கொண்டாலும் உங்கள் பத்து வருட வீடியோ அவரோடு போகும். சேகரத்தின் பெயரில் ஒரு ஜிமெயில் திறங்கள். இப்போதைய சேனலை பிராண்ட் கணக்குக்கு (பலர் சேர்ந்து நிர்வகிக்கும் கணக்கு) மாற்றி, சேகர ஜிமெயிலை உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள். ஏழு நாள் கழித்துத்தான் அதை முதன்மை உரிமையாளராக்க யூடியூப் விடும். ஆகவே தம்பி நல்ல மனநிலையில் இருக்கும்போதே ஆரம்பியுங்கள், மரியாதையாக ஒரு பொன்னாடையும் போர்த்துங்கள். மேலாளராக அவரே தொடரட்டும், கடவுச்சொல் யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

வாட்ஸ்அப் கம்யூனிட்டியைச் சேகரத்தின் சிம்மில் தொடங்குங்கள், மேலும் இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். அந்த சிம்மை மேசைக்குள் போட்டு மறந்துவிடக்கூடாது. 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம், எண் வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் இரட்டைச் சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின் எண்ணை எழுதி உறையில் ஒட்டி, பதிவேடுகள் இருக்கும் பீரோவில் வையுங்கள். கமிட்டி மாறும்போதெல்லாம் சாவிக்கொத்தோடு உறையும் கைமாறட்டும்.

காணிக்கை கியூஆர்: ஸ்கேன் செய்தால் சேகரத்தின் வங்கிக்கணக்குப் பெயர் வரவேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண், தற்காலிகமாகக்கூட, வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ரசீது எழுதாதீர்கள், வங்கி அறிக்கையில் வரவு தெரிந்தபின் எழுதுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்ற பட்டியலை வாட்ஸ்அப்பில் போடுவது வீண் வம்பு. மாதப் பத்திரிகையில் வருவது போதும்.

முக்கியமானது, வெளிநாட்டுப் பணம். வளைகுடாவில் வேலைசெய்யும் இந்தியக் குடியுரிமைக்காரர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது அந்நியப் பங்களிப்பு ஆகாது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருந்தாலும். எஃப்.சி.ஆர்.ஏ. (அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கென்ற கணக்கில்தான் வரவேண்டும். யூடியூப் நேரலை உலகம் முழுவதும் தெரியும். ஆகவே கியூஆரின் கீழேயே "இந்தியக் குடிமக்கள் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். அந்நியக் குடியுரிமைக்காரர் கேட்டால் திருமண்டல அலுவலகத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

ஐயரவாள் படத்தை வைத்துப் போலிக் கணக்கு திறந்து "அவசரமாக 5,000 அனுப்பு மகனே" என்று கேட்பது இப்போது சர்வசாதாரணம். "ஐயரவாள் செய்தியில் பணம் கேட்கமாட்டார்" என்று மாதம் ஒருமுறை அறிவிப்புக் குழுவில் போடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும், தாமதமாக ஆக மீட்கும் வாய்ப்பு குறையும்.

தேரிக்காடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆடியோ இன்டர்ஃபேஸும் கம்பியும் இந்த வாரமே வாங்கிவிடுகிறோம். ஒரே ஒரு சந்தேகம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அடக்க ஆராதனையை நேரலையில் கேட்கிறார்கள். அதே சேனலில் போடலாமா? பெண்கள் சங்க ஜெபத்துக்கு ஜூம் சரிவருமா?

மிக்ஸர்மேடை எழுதியது:

அதே சேனலில் போடலாம், ஆனால் "அன்லிஸ்டட்" ஆக வையுங்கள். சுட்டி உள்ளவர் மட்டும் பார்ப்பார், சேனல் பக்கத்தில் வராது. சுட்டியை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள், யாருக்கு அனுப்புவது என்பது அவர்கள் விருப்பம். அரட்டையை அணைத்துவிடுங்கள். கேமரா ஓர் ஓரமாக, பெட்டியின் முகப்பக்கம் தெரியாதபடி இருக்கட்டும். வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை நடந்துகொண்டே எடுக்காதீர்கள், சிக்னல் அறுந்து அறுந்து பார்ப்பவருக்கு வேதனைதான் மிஞ்சும். ஆலயத்தில் ஒன்று, கல்லறையில் இன்னொன்று என்று இரண்டு சுட்டி. பதினைந்து நாள் கழித்து வீட்டாரிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னால் அழித்துவிடுங்கள்.

இலவச ஜூம் 40 நிமிடத்தில் துண்டிக்கும், கூகுள் மீட்டில் 60 நிமிடம் கிடைக்கும். அக்காமார் சாட்சி சொல்லத் தொடங்கினால் அதுவும் போதாது. அதே சுட்டியில் மறுபடி நுழையலாம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.