கைவினை அமைப்பில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப், உதவித்தொகையும் உண்டு: போகலாமா?

பாளையங்கோட்டை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் வருஷம் முடிக்கப் போகிறேன். மே, ஜூன் இரண்டு மாதம் சென்னையில் ஒரு கைவினை அமைப்பில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு, பெயர் இப்போது வேண்டாம். அவர்கள் பைசா தரமாட்டார்கள். ஆனால் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளை வருஷத்துக்கு இரண்டு பேருக்கு இப்படிப் போக உதவித்தொகை கொடுக்கிறது, இந்த வருஷம் அதில் ஒருத்தி நான். மொத்தம் 24,000. சேரும்போது 10,000, முடித்து அறிக்கை கொடுத்த பிறகு மீதி 14,000.

வந்திருக்கிற கடிதத்தில் "ஆவணப்படுத்தல், விற்பனை உதவி, பயிலரங்கு உதவி" என்று மூன்று வார்த்தைதான் இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று போனில் கேட்டால், "வாங்க, பாத்துக்கலாம்" என்கிறார்கள். இரண்டு மாதமும் இன்ஸ்டாகிராமுக்கு ரீல்ஸ் போட்டுக்கொண்டு, பொருளுக்கு விலைச்சீட்டு கட்டிக்கொண்டே போய்விடுமோ என்று பயம்.

வீட்டில் வேறு மாதிரி. சித்தப்பா பையன் அந்த நேரத்தில் ஏதாவது எடிட்டிங் கோர்ஸ் முடி என்கிறான். அம்மா கேட்டதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. "பாய் முடையுறதப் பாக்க மெட்ராஸுக்குப் போவணுமாட்டி? பத்தமடை இந்தா கெடக்கு, பஸ் ஏறுனா போயிரலாம்."

இந்த மாதிரி இடத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பணம் போதுமா என்பதும்.

---

ஓலைப்பெட்டி:

நான் 2018 கோடையில் இதே மாதிரி ஓர் இடத்தில் இரண்டு மாதம் இருந்தேன், உன்னைப் போலவே உதவித்தொகையில். உன் பயம் பாதி உண்மை. முதல் பதினைந்து நாள் நான் செய்தது சரக்கு எண்ணுவது மட்டும்தான். கோடவுனில் மின்விசிறி கிடையாது. நோட்டில் ஓர் எண், அலமாரியில் ஓர் எண், கம்ப்யூட்டரில் மூன்றாவது எண். அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த எண்ணிக்கையில்தான் விஷயம் புரிய ஆரம்பித்தது. நாங்கள் விற்ற பொருள்களில் செட்டிநாட்டுக் கொட்டான் என்கிற சின்ன ஓலைக்கூடையும் ஒன்று. பனையின் குருத்தோலையை வகிர்ந்து, சாயத்தில் கொதிக்கவைத்துக் காயவைத்து முடைவது. ஒரு காலத்தில் ஆச்சிமார்கள் வீட்டிலேயே முடைந்து சீர்வரிசைக்கு வைத்துக்கொண்டது. கிட்டத்தட்ட விட்டுப்போன வேலை. 2000-இல் தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் மூலமாக விசாலாட்சி ராமசாமி கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து அதை மறுபடி நடமாடவைத்தார். இதெல்லாம் நான் சேர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. நான் இருந்தது அந்த அமைப்பில் இல்லை, வேறு இடம்.

இப்போது என் கூத்தைக் கேள். மூன்றாவது வாரம், "நீ போட்டோ எடுப்பியாமே" என்று சொல்லி கேமராவைக் கையில் கொடுத்தார்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கொட்டான்களைப் படம் எடுத்தேன், ராணி பிங்க் படத்தில் குங்குமச் சிவப்பாக விழுந்தது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்து ஒரு கல்யாண வீட்டார் தாம்பூலத்துக்கு 150 கொட்டான் கேட்டார்கள். முடைந்து, பெட்டி கட்டி அனுப்பினால், பொண்ணு புடவைக்குப் பொருந்தவில்லை என்று அத்தனையும் திரும்பி வந்தது. முடைந்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நாங்கள் சொன்ன ராணி பிங்க்கில்தான் அவர்கள் செய்திருந்தார்கள்.

நான் நடுங்கிப்போய் நிற்கிறேன், பொறுப்பாளர் அக்கா கத்தவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பொருள் வந்த வாரமே முடைந்தவர்களுக்குப் பணம் போயிருந்தது. 150 கொட்டானும் இப்போது அமைப்பின் தலையில். அதை நவராத்திரி வரைக்கும் வைத்து விற்பார்கள், விற்காவிட்டால் நஷ்டம். "தனியார் கடைன்னா வித்ததுக்கு அப்புறம்தான் காசு, விக்கலன்னா சரக்க மூட்ட கட்டித் திருப்பி அனுப்பிருவான். நாம எதுக்கு இருக்கோம்ங்கிற?" என்றார். விலைச்சீட்டில் இருக்கிற தொகைக்கும் முடைந்தவர் கைக்குப் போகிற தொகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்து அதுவரை எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது. அது எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றைக்கும் முழுசாகச் சமாதானம் ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், கண்காட்சி வாடகை என்று எழுதியிருந்த தொகையைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

பணம்: நான் அப்போது பெண்கள் விடுதிக்கு மாசம் 5,500 கொடுத்தேன், சாப்பாட்டோடு. இப்போது அதற்குக் கிடைக்காது. அட்வான்ஸ் தனி. முதலில் வருகிற 10,000 ஒரு மாதத்துக்கே இழுபறிதான். வீட்டிலிருந்து கொஞ்சம் வாங்காமல் முடியாது என்று இப்போதே சொல்லி வைத்துக்கொள்.

---

கடைசி_பெஞ்ச்:

நல்ல வார்த்தையில் சொன்னால் இன்டர்ன்ஷிப், உள்ளபடி சொன்னால் ஓசி வேலை. சம்பளத்துக்கு ஆள் வைக்கவேண்டிய இடத்தில் வருஷா வருஷம் புதுப்புதுப் பிள்ளைகளை இறக்குகிறார்கள். அந்தச் செலவையும் உங்கள் கல்லூரி சீனியர்கள் தலையில் கட்டுகிறார்கள். எடிட்டிங் கோர்ஸுக்குப் போ.

---

ஓலைப்பெட்டி:

@கடைசி_பெஞ்ச் பாதி ஒத்துக்கொள்கிறேன். உதவித்தொகை இல்லாவிட்டால் இந்த மாதிரி இடத்துக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வர முடியும். என்னோடு இருந்த மூன்று பேரும் கார்களில் வந்து இறங்கினவர்கள். பேருந்தில் வந்தது நான் ஒருத்தி. அதனால்தான் அந்த 24,000-ஐ விட்டுவிடாதே என்கிறேன்.

---

மெழுகும்_மண்ணும்:

தங்கச்சி, நான் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் ஊர் சுவாமிமலை, வீட்டில் பஞ்சலோக வார்ப்பு. உன்னை மாதிரி ஆவணப்படுத்த வருகிறவர்களை நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிருந்து பார்க்கிறேன். கோடை வந்தால் காக்கா குருவி வருகிற மாதிரி வருவார்கள்.

எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. அளவு எப்படி எடுப்பீங்க? தாத்தா பதில் சொல்லமாட்டார், தென்னங்கீற்றை எடுத்து, செய்யப்போகிற சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று காட்டுவார். அதற்கு ஒடியோலை என்று பேர். சிலைக்குச் சிலை ஓலை வேறு, வேலை முடிந்தால் ஓலையும் காய்ந்துபோகும். அப்புறம் மெழுகு காய்ச்சுவதைப் படம் எடுப்பார்கள், தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்ப்பது. அந்த மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் பூசுவது. மெழுகை உருக்கி வெளியே விடுவது. உலோகம் ஊற்றுகிற அன்றைக்கு ஐந்து கேமரா நிற்கும், ஆறிய பிறகு மண்ணை உடைத்துவிட்டு மாசக்கணக்கில் உளியும் அரமும் வைத்து உட்காருவோமே, அதைப் படம் எடுக்க ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் வேலையில் பெரும்பகுதி அதுதான்.

போகும்போது "வீடியோ அனுப்பறோம் ஐயா" என்பார்கள். இதுவரை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு பென் டிரைவ், அதுவும் திறக்கவில்லை. தாத்தா ஓலை மடிப்பதைக் குறைந்தது பத்துப் பேராவது படம் பிடித்திருப்பார்கள். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. எங்களிடம் அவர் ஓலை மடிக்கிற படம் ஒன்று இல்லை. இப்போது என் பையன் கேட்கிறான்.

ஒரே ஒரு பொண்ணு வேற மாதிரி. அதுவும் இன்டர்ன்தான், ஏதோ வடநாட்டுக் கல்லூரி, தமிழ் தத்தக்கா பித்தக்கா. இரண்டாவது நாளே கேமராவை உள்ளே வைத்துவிட்டு, அப்பாவின் கைவினைஞர் அடையாள அட்டை காலாவதி ஆகியிருந்ததை எடுத்து, மத்திய அரசு தருகிறதே பெஹ்சான் அட்டை, அதைப் புதுப்பிக்க ஒரு நாள் முழுக்க என்னோடு உட்கார்ந்து அப்லோடு பண்ணியது. கண்காட்சியில் ஸ்டால் கேட்டால் முதலில் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். எங்களுக்கு அது தெரியும், செய்யத்தான் நேரம் இல்லை. அப்பா இன்னும் அந்தப் பொண்ணைத்தான் விசாரிக்கிறார்.

நீ போ. வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எடுக்கிற படத்துக்கு ஒரு பிரதி அந்த வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி முதலிலேயே அமைப்பிடம் பேசிவிடு. பென் டிரைவ் வேண்டாம், அச்சுப் போட்டுக் கொடு.

---

அரைக்கை_சட்டை:

இது மாதிரி ஒரு கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் படிக்கிற குழுவில் நான்கைந்து வருஷம் இருந்திருக்கிறேன். கொஞ்சம் வறட்டு விஷயம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளம்மா.

10,000, 14,000 என்று பிரித்திருப்பதை மாற்றச் சொல்லிக் கேள். கேட்டால் கொடுப்பார்கள், யாரும் கேட்பதில்லை. "விடுதி முன்பணமே இவ்வளவு ஆகிறது, 16,000 முதலில் வேண்டும்" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, விடுதியின் கட்டண விவரத்தையும் இணைத்துவிடு. நாங்கள் ஒரு வருஷம் மீதிப் பணத்தை அறிக்கைக்காகப் பிடித்து வைத்திருந்தோம். ஒரு பையன் நடுவில் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டான், காரணம் கேட்டால் ஹோட்டலில் சாப்பிடக் கையில் காசில்லை என்றான். அதை அவன் எங்களிடம் முன்னாடியே சொல்லவில்லை, வெட்கப்பட்டிருக்கிறான். அந்த வருஷத்தோடு விதியை மாற்றினோம்.

"வாங்க பாத்துக்கலாம்" என்கிற பதில் வேண்டாம். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வது இல்லை, சின்ன அமைப்புகளில் இரண்டு மூன்று பேர் பத்துப் பேர் வேலையைப் பார்ப்பார்கள், உனக்கு என்ன வேலை என்று அவர்களுக்கே இன்னும் தெரியாது. அதனால் நீயே எழுதி அனுப்பு. இந்தக் கைவினை, இத்தனை வீடு, இரண்டு மாதத்தில் இந்தப் பொருள் முடியும் என்று அரைப் பக்கம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "சரி" என்று பதில் போட்டுவிடுவார்கள், அதுதான் உன் ஒப்பந்தம். யார் உனக்கு மேற்பார்வை, எடுத்த படம் யாருக்குச் சொந்தம், உன் பெயர் போடுவார்களா என்பதும் அதிலேயே வரட்டும்.

அப்புறம், அங்கே உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்று தயங்காமல் கேள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் அது இருக்கவேண்டும். சம்பளம் வாங்காவிட்டாலும் பயிற்சிக்கு வருகிறவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். கிராமங்களுக்குத் தனியாக அனுப்புவார்களா, துணைக்கு ஆள் உண்டா, பேருந்துச் செலவு யாருடையது என்பதும் கேட்டுவிடு.

லாப நோக்கமில்லாத அமைப்பு என்றாலே ஒரே வார்ப்பு என்று நினைக்காதே. கமலாதேவி சட்டோபாத்யாய 1964-இல் தொடங்கிவைத்த இந்தியக் கைவினைக் கழகம் மாதிரி கண்காட்சி, விற்பனை, விருது என்று போகிறவர்கள் உண்டு. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ரா மாதிரி பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, அருங்காட்சியகமாக நடத்துகிறவர்களும் உண்டு. விற்பனையை நம்பி இருக்கிற இடத்தில் உன் வேலை கடையைச் சுற்றித்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு போ.

---

பாளையங்கோட்டை_பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாக இங்கே வரவில்லை, இன்டர்னல் தேர்வு.

அரைக்கை சட்டை சார் சொன்ன மாதிரி கடிதம் எழுதினேன். 15,000 முதலில் தருகிறார்கள்! அமைப்புக்கும் அரைப் பக்கம் அனுப்பினேன், "பாய், இரண்டு வீடு, ஒரு சின்னப் புத்தகம்" என்று. புத்தகத்துக்குச் சரி, அச்சுச் செலவைப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. படத்தில் என் பெயரும் நெய்தவர் பெயரும் போடுவார்களாம்.

அம்மா சொன்னது மனசிலேயே கிடந்ததால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவையே கூட்டிக்கொண்டு பத்தமடைக்குப் போனேன். அம்மாவோடு பீடிக்கடையில் இலை வாங்குகிற ஒரு சாச்சியின் சொந்தக்கார வீடு. கேமரா கொண்டுபோகவில்லை. அங்கே ஒரு கல்யாணப் பாய் தறியில் இருந்தது, மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்டு நெய்வது. தரையோடு தரையாகப் பாவு நூல், பலகை மேல் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், கோரை மயிர் மாதிரி மெல்லிசாக வகிர்ந்தது. ஆற்றுத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைத்துத்தான் அப்படி வகிர முடியுமாம். ஒரு பாய்க்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டேன். "சோறு பொங்குதேன், பேரப்புள்ளைய பாக்கேன், நடுவுல நெய்யிதேன், எதக் கணக்கு வைக்க?" என்று சிரித்தார்கள். மாப்பிள்ளை பேர் நீளமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "இனிஷியல வெட்டிருவோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாதான் ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷமா இங்கேயே இருந்தும் ஒரு பாயைக்கூட அங்கே போய் வாங்கினதில்லையே, வீட்டில் கிடப்பதெல்லாம் பிளாஸ்டிக் பாய் என்று. மெட்ராஸ் போறது சரிதான், ஆனா என்ன எழுதினாலும் அந்த அம்மாவுக்கு ஒண்ணு கொண்டாந்து குடு என்றார்கள். மெழுகும் மண்ணும் அண்ணா சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சு, வெயிட்டிங் லிஸ்ட் 14. அண்ணா, ஜூனில் ஒரு நாள் சுவாமிமலைக்கு வரலாமா? கும்பகோணத்தில் இறங்கி எந்தப் பஸ்?

---

மெழுகும்_மண்ணும்:

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது, பக்கம்தான். வருவதற்கு முந்தின நாள் இங்கேயே ஒரு செய்தி போடு. வார்ப்பு அன்றைக்கு வராதே, அரம் போடுகிற அன்றைக்கு வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.