மனச்சோர்வு மாத்திரையும் மதுத் தவிப்பும்: பழி மருந்தின் மீதா, நோயின் மீதா?

வைகைக்கரை எழுதியது:
நாற்பது வயது வரை, கல்யாண வீட்டு மொட்டைமாடியில் யாராவது கையில் திணித்தால் ஒரு பீர் என்பதோடு நின்றவன் நான். மனச்சோர்வுக்காக எடுத்துவந்த செர்ட்ராலினை 50 மில்லிகிராமிலிருந்து 100 ஆக்கிய சில வாரங்களில், மாலை ஆறரை ஆனாலே நாக்கு வறண்டு, ஒரு குவார்ட்டர் வாங்கிவந்து, மனைவி கண்ணில் படாமல் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடிக்கும் ஆளாகிவிட்டேன். துக்கத்தில் குடிக்கவில்லை, துக்கம் அதற்குள் நன்றாகவே குறைந்திருந்தது. இந்தத் தவிப்பை உண்டாக்கியது மாத்திரைதான் என்பது என் கட்சி. குமட்டல் வரும், தூக்கம் கெடும், தாம்பத்திய நாட்டம் குறையும் என்றெல்லாம் மருத்துவர் சொன்னார். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருந்தாளுநன் எழுதியது:
உங்கள் துன்பத்தை நான் மறுக்கவில்லை ஐயா. நீங்கள் காரணம் காட்டும் விதத்தைத்தான் மறுக்கிறேன். மனச்சோர்வும் குடியும் சேர்ந்தே வருவது மருத்துவத்தில் பழைய செய்தி. உங்கள் கட்சிக்குச் சாதகமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது, இவ்வகை மருந்துக்குப் பின் குடிக்கு அடிமையான 93 பேரைப் பற்றி 2014இல் வெளியான கட்டுரை. அது முறையீடுகளின் தொகுப்பேயன்றி, மாத்திரை எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஆயிற்று என்று எண்ணிச் சொன்ன ஆய்வன்று. மாறாக, மனச்சோர்வும் குடிநோயும் சேர்ந்திருந்த 170 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், செர்ட்ராலினையும், குடித் தவிப்பைக் குறைக்கத் தரும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களில் 53.7 விழுக்காட்டினர் குடியை அறவே விட்டார்கள். செர்ட்ராலின் குடிக்கத் தூண்டுமானால் இது எப்படி நடந்திருக்கும்?

வைகைக்கரை எழுதியது:
அதே ஆய்வின் மற்ற எண்களையும் சொல்லியிருக்கலாமே. செர்ட்ராலினை மட்டும் எடுத்தவர்களில் குடியை விட்டவர்கள் 27.5 விழுக்காடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 23.1. ஆக, செர்ட்ராலின் தனியே பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. அதற்கும் முன்பே, செர்ட்ராலின் வகையைச் சேர்ந்த ஃபுளுவாக்செட்டின் என்ற மாத்திரையைப் பற்றி 1996இல் வெளியான ஆய்வில், இளம் வயதிலேயே குடிக்குள் விழுந்த கடுமையான வகையினர், வெற்று மாத்திரை எடுத்த அதே வகையினரைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். ஒரே மருந்து ஒருவரைக் காக்கலாம், இன்னொருவரைத் தள்ளிவிடலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மருந்தாளுநன் எழுதியது:
எண்ணை முழுதாகச் சொல்லாதது என் தவறு. ஆனால் நீங்கள் இளமையில் குடிக்குள் விழுந்தவர் அல்லரே. உங்கள் எழுத்தின்படியே நாற்பதுக்குப் பின்தான் தொடங்கினீர்கள். அந்த ஆய்வை உங்கள் மீது எப்படிப் பொருத்துவது? மாத்திரையைக் குறைத்தபோது என்ன நடந்தது என்றும் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:
மருத்துவர் 50க்கு இறக்கியபின் மூன்று வாரத்தில் தவிப்பு அடங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில் அவரிடம் கேட்காமலேயே மிச்சத்தையும் ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள், கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாலே மண்டைக்குள் 'சரக்' என்று மின்சாரம் பாய்ந்ததுபோல் ஓர் அதிர்ச்சி. படி இறங்கக் கைப்பிடியைப் பற்ற வேண்டியிருந்தது. நோய் திரும்பிவிட்டது என்றார் மருத்துவர்.

மணிமுத்தாறு எழுதியது:
அந்த இடத்தில் மருத்துவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. மனச்சோர்வு மெல்ல, வாரக்கணக்கில் திரும்பி வருவது. மாத்திரையை நிறுத்துவதால் உடல் காட்டும் விலகல் அறிகுறி சில நாளிலேயே வந்து, மாத்திரையை மீண்டும் எடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். தலைக்குள் மின்னதிர்ச்சி மனச்சோர்வின் அறிகுறியே அன்று. உடலைவிட்டு விரைவில் நீங்கிவிடும் வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்தவள் நான். ஊருக்குப் போகும்போது மாத்திரை அட்டையை மறந்துவிட்டால் மறுநாள் மதியமே தெரிந்துவிடும். கடைசியில், மருத்துவர் சொல்லித் தந்தபடி, கேப்ஸ்யூலைத் திறந்து சாப்பாட்டுத் தட்டில் கொட்டி, வெள்ளை மணிகளை எண்ணி எண்ணி ஒதுக்கி, பதினான்கு மாதத்தில் விட்டேன். என் மாமியார் அதை அரிசியில் கல் பொறுக்குவது என்பார்.

இப்படி மெல்ல மெல்ல இறங்குவதற்குக் காரணம் உண்டு. சிட்டலோப்ராம் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தின் 60 மில்லிகிராம், செரட்டோனின் என்ற வேதிப்பொருளை உறிஞ்சிக்கொள்ளும் மூளையின் கடத்திகளில் சுமார் 88 விழுக்காட்டை அடைக்கிறது. 20 மில்லிகிராமே 80 விழுக்காட்டை அடைத்துவிடுகிறது. ஆகவே 60இலிருந்து 20க்கு இறங்குவது ஒரு படி என்றால், 20இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது மாடியிலிருந்து குதிப்பது. 2019இல் லண்டனிலிருந்து இருவர் இதை எழுதிய பிறகுதான், மிகச் சிறிய அளவுகளுக்கு மெல்ல இறங்கும் முறை பரவலாகப் பேசப்பட்டது. அதுவரை பிரிட்டனின் வழிகாட்டி நூல்கள் விலகல் அறிகுறி ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றே சொல்லிவந்தன.

மருந்தாளுநன் எழுதியது:
மெல்லக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை அம்மா. ஆனால் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்ற பயத்தைப் பரப்பக் கூடாது. நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கு விலகல் அறிகுறி என்று 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2024இல் வந்த பெரிய தொகுப்பாய்வில் அது 31 என்றும், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிடமே 17 என்றும் தெரிந்தது. கடுமையான அறிகுறி ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு. நோயே திரும்புவதும் உண்டு: இங்கிலாந்தில் 2021இல் வெளியான ஆய்வில், மாத்திரையை நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39. (இரண்டு இடத்திலும் 56 வருவது தற்செயல்தான், இரண்டையும் குழப்பி எழுதுபவர்களைப் பார்த்து அலுத்துவிட்டேன்.)

மணிமுத்தாறு எழுதியது:
35 பேரில் ஒருவர் என்றால், கோடிக்கணக்கானோர் எடுக்கும் மருந்தில் அது எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021 ஆய்வில் நிறுத்தியவர்கள் இரண்டு மாதத்துக்குள் இறக்கப்பட்டவர்கள். திரும்பியதாகச் சொல்லப்பட்டதில் எவ்வளவு நோய், எவ்வளவு விலகல் என்பதைப் பிரிப்பது எளிதன்று.

மருந்தாளுநன் எழுதியது:
ஒப்புக்கொள்கிறேன். இதைப் படிப்பவர் யாரேனும் தினமும் குடிப்பவராக இருந்தால், ஆவேசத்தில் குடியையும் மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். நெடுநாள் குடியைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைகைக்கரை ஐயா, ஒரு கேள்வி மட்டும் பாக்கி: அளவை 50 ஆக்கிய அந்த மூன்று வாரத்தில் வீட்டில் வேறு ஏதேனும் மாறியதா?

வைகைக்கரை எழுதியது:
நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மாத்திரையைக் குறைத்தது 9ஆம் தேதி. அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கத் தொடங்கியது 12ஆம் தேதி. அம்மா இருக்கும் வீட்டில் நான் குடிக்க மாட்டேன் என்பது உண்மைதான். ஆனால் குடிக்காமல் இருப்பது வேறு, நாக்கு வறளாமல் இருப்பது வேறு. இரண்டாவதும் நின்றுபோனது. அம்மா இன்னும் இங்கேதான் இருக்கிறார்; மாத்திரை இப்போது மீண்டும் 50. அடுத்த முறை போகும்போது இரண்டு தேதியையும் மருத்துவரிடம் காட்டுவேன்.