ரூட்டர் இல்லாமல், பெட்டிப் பலகையில் எலெக்ட்ரிக் கிட்டார்: எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

நெளிகம்பி கேட்டது:

ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் வடிவில் ஒரு கிட்டார் வீட்டிலேயே செய்வதாக இருக்கிறேன். இறக்குமதி இயந்திரம் வந்த பெட்டியிலிருந்து பிரித்த பைன் பலகைகள் இருக்கின்றன. கனம் 22 மி.மீ., அகலம் 140 மி.மீ. கருவி என்று பார்த்தால் ஜிக்சா, கை டிரில், 12 மி.மீ.-லும் 25 மி.மீ.-லும் ஒவ்வோர் உளி, அரம், ஆறு சி-கிளாம்ப், 25 வாட் சால்டரிங் அயர்ன். மரத்தில் பள்ளம் குடையும் ரூட்டர் இயந்திரம் இல்லை, இந்த ஒரு வேலைக்காக வாங்கவும் போவதில்லை.

பெட்டி மரம் போதுமா, தேக்குக்குப் போக வேண்டுமா? கழுத்து உட்காரும் பள்ளத்தை ரூட்டர் இல்லாமல் மட்டமாக எடுக்க வழி உண்டா? பழைய கதவு நிலையில் அறுத்த தேக்குச் சட்டம் 3 அடிக்கு இருக்கிறது. கழுத்தையும் அதிலேயே செய்துவிட்டால் டிரஸ் ராடு (கழுத்தின் வளைவைத் திருத்த உள்ளே வைக்கும் உலோகத் தண்டு) இல்லாமல் ஓட்டலாமா?

மரத்தூள்:

முதல்ல பலகையில அடிச்சிருக்கிற முத்திரையைப் பாருங்க. கதிர் படமும் ஐ.பி.பி.சி. (சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம்) எழுத்தும் இருக்கும், பக்கத்துல எச்.டி. இல்லன்னா எம்.பி.ன்னு போட்டிருக்கும். எச்.டி.ன்னா மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ்ல 30 நிமிஷம் சூடு காட்டினது. எம்.பி.ன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டது. எம்.பி. பலகையை அறுக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், ஒதுக்கிடுங்க.

எச்.டி. பார்த்ததும் மரம் காஞ்சிருக்குன்னு நினைக்கறதுதான் எல்லாரும் விழற இடம். அந்தச் சூடு பூச்சிக்காக. மரம் உள்ளே பச்சையாவே இருக்கலாம். பலகையை வெயில் படாத, காத்தோட்டமான இடத்துல நடுவுல ரீப்பர் வெச்சு அடுக்குங்க. ஒவ்வொண்ணுலயும் எடையைப் பென்சில்ல எழுதி வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசுல நிறுத்துப் பாருங்க. அடுத்தடுத்து இரண்டு வாரம் எடை மாறலைன்னா ஒட்டலாம். அவசரப்பட்டு ஒட்டினா மூணு மாசத்துல ஒட்டு வாய் பிளக்கும், பள்ளம் சுருங்கிக் கழுத்தைப் பிடிக்கும், மேலே அடிச்ச பெயின்ட் கோடு கோடா வெடிக்கும். இழைக்கறதுக்கு முன்னாடி காந்தத்தை மேலே ஓட்டிடுங்க. உடைஞ்ச ஆணி ஒண்ணு இருந்தாலும் இழைப்புளி வாய் போச்சு.

பைன் தாராளமாப் போதும். ஃபெண்டர் கம்பெனியே ஆரம்ப மாதிரிகளைப் பைன்லதான் செஞ்சாங்க. இந்த வடிவத்துக்கு உடல் மட்டும் பைன்ல 2.2 கிலோ வரும், தேக்குல 3 கிலோவை நெருங்கும். அந்த வித்தியாசத்தைச் சுமக்கப் போறது உங்க தோள்தான். ஒலியில தேக்கு பணத்துக்கு ஏத்த எதையும் திருப்பித் தராது.

பைனோட குறை, திருகு பிடிக்காது. உடல் மேல கம்பியைத் தாங்குற பிரிட்ஜ், பெல்ட் மாட்டுற குமிழ் இரண்டுக்கும் 25 மி.மீ. திருகு போடுங்க. ஓட்டை போட்டுத் திருகை ஒரு முறை ஏத்தி இறக்குங்க. அப்புறம் ஓட்டைக்குள்ள தண்ணி மாதிரி இருக்கிற சூப்பர் குளூ இரண்டு சொட்டு விட்டு, நல்லா காஞ்ச பிறகு மறுபடி ஏத்துங்க. முடிச்சு இருக்கிற பகுதி பள்ளத்துக்கும் பிரிட்ஜுக்கும் அடியில வரக் கூடாது. முடிச்சுல பிசின் கசிஞ்சு பெயின்ட்ல மஞ்சக் கறை வரும். அந்த இடத்துல முதல்ல அரக்கு பாலிஷ் இரண்டு கை ஓட்டிடுங்க.

அடுக்குக்கு மூணு பலகை பக்கவாட்டுல ஒட்டினா 420 அகலம், உங்களுக்குத் தேவை 325 சுமார். மேல் அடுக்குல நடுப் பலகை சரியா மையத்துல வரட்டும். கீழ் அடுக்கை 40 மி.மீ. பக்கவாட்டுல தள்ளுங்க, இணைப்புக்கு மேல இணைப்பு வராது.

உளிச்சத்தம்:

22 மி.மீ. பலகை உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டு அடுக்கு ஒட்டினால் 44, டெலிகாஸ்டரின் கனம் அதுதான். ரூட்டர் பிரச்சினையும் இங்கேயே தீர்கிறது: ஒட்டுவதற்கு முன்பு, மேல் அடுக்கில் மட்டும் கழுத்துப் பள்ளத்தையும் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் சுருள்) குழிகளையும் ஜிக்சாவால் முழுக்க அறுத்து எடுத்துவிடுங்கள். ஒட்டிய பிறகு கீழ் அடுக்கின் இழைத்த முகமே குழியின் தரை. உளியால் குடைந்து அந்த மட்டத்தைக் கொண்டுவர ஒரு நாள் முழுக்கக் குனிந்து கிடக்க வேண்டும்.

பள்ளத்தின் ஆழம் 16 மி.மீ. வேண்டும், உங்களுக்கு வருவது 22. அதனால் பள்ளத்தின் தரை முழுவதற்கும் 6 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். கடையில் 6 என்று தருவது பல நேரம் ஐந்தரைதான் இருக்கும், வெர்னியரில் பார்த்து வாங்குங்கள். ஓரத்தில் மட்டும் சிம்பு வைத்து உயர்த்த வேண்டாம். அடியில் இடைவெளி இருந்தால் நாளாக ஆகக் கழுத்தின் அடிப்பகுதி வளையும்.

தரை சாய்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கழுத்தின் அடிப்பகுதி 76 மி.மீ. நீளம். அதில் ஒரு முனை அரை மி.மீ. தூக்கினால் பிரிட்ஜில் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. ஏற்ற இறக்கம் வேண்டியிருக்கும். அடிப்பகுதியின் கனம் 25.4, பள்ளம் 16 என்றால் விரல் அழுத்தும் ஃபிங்கர்போர்டு உடலுக்கு மேல் 9.4 நிற்கும், கம்பி பிரிட்ஜ் அருகே 13, 14 மி.மீ. உயரத்தில் ஓட வேண்டும். உங்கள் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் அந்த உயரத்துக்கு இரு பக்கமும் இடம் வைத்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

அகலத்தில் 56 என்ற எண்ணை நம்பி அறுக்காதீர்கள். கழுத்து கைக்கு வந்த பிறகு அதையே வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே 1 மி.மீ. விட்டு அறுத்து, மிச்சத்தை 25 உளியாலும் கட்டையில் சுற்றிய 120 உப்புத்தாளாலும் எடுங்கள். பெயின்ட் ஏறும் கனத்துக்கும் இடம் வேண்டும். இறுக்கி அடித்து உட்கார வைத்தால் பள்ளத்தின் மூலையிலிருந்து பெயின்ட் வெடிக்கும்.

வெளி வடிவத்தை 44 கனத்தில் ஒரே வெட்டாக ஜிக்சாவில் ஓட்டினால் பிளேடு கீழே வளைந்து போகும், மேலே கோட்டில் இருக்கும், அடியில் 4 மி.மீ. உள்ளே போயிருக்கும். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக, கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்து, ஒட்டிய பின் அரத்தால் சேர்த்து இழையுங்கள். ஒட்டும்போது பசை வழுக்கி அடுக்கு நகரும். பிரிட்ஜுக்கு அடியில் ஒன்று, கழுத்துத் தகட்டுக்கு அடியில் ஒன்று என்று கடைசியில் மறைந்துவிடும் இடங்களில் இரண்டு திருகு போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு கிளாம்ப் ஓரத்துக்குத்தான் ஆகும், நடுவில் பலகை வைத்துச் சுமை ஏற்றுங்கள். ஃபெவிகாலை ஒரு முழு நாள் விடுங்கள்.

ஸ்விட்ச், பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுமிழ்) உட்காரும் குழிக்கு 22 ஆழம் போதாது, 38 வரை வேண்டும். அந்த ஒரு குழியை மட்டும் இரண்டு அடுக்கிலும் அறுத்துவிட்டுப் பின்னால் 3 மி.மீ. தகடோ மைக்கா துண்டோ மூடுங்கள்.

கழுத்துத் திருகு நான்குக்கும் உடலில் போடும் ஓட்டை திருகைவிடப் பெரிதாக, அதாவது 4 மி.மீ. திருகுக்கு 4.5 இருக்க வேண்டும். மரை உடலையும் பிடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் கழுத்துக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி நிற்கும். கழுத்தில் 3 மி.மீ. ஓட்டை போட்டு, திருகில் மெழுகு தடவி ஏற்றுங்கள். 45 மி.மீ. நீளத் திருகு சரியாக வரும். 50 போட்டால் ஃபிங்கர்போர்டை நெருங்கிவிடும்.

ஃப்ரெட்வரிசை:

கதவு நிலைத் தேக்கில் கழுத்து செய்யலாம், முதல் கிட்டாருக்கு வேண்டாம். பணம் போட வேண்டிய இடம் கழுத்துதான். உடலில் பிழை வந்தால் புட்டி போட்டு மறைக்கலாம். கழுத்தில் பிழை வந்தால் சுருதி சேராது.

டிரஸ் ராடு இல்லாமல் கூடாது. 10-46 (அங்குலத்தில் ஆயிரத்தில் 10 முதல் 46 பங்கு தடிமன்) கம்பி ஆறும் 648 மி.மீ. நீளத்தில் சுருதி ஏறும்போது மொத்த இழுவை 46 கிலோ சுமார். மரம் அதைத் தாங்கும், உடையாது. ஆனால் மழைக்காலத்துக்கு ஒரு வளைவு, கோடைக்கு ஒரு வளைவு என்று மாறும்போது திருத்த உங்களிடம் எதுவும் இருக்காது. க்வீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963-ல் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரில் உடலுக்குப் பிளாக்போர்டு (மரப்பட்டைகளை ஒட்டிச் செய்த பலகை), கழுத்துக்குப் பழைய கணப்புச் சட்டத்தின் மஹோகனி. வழக்கத்தைவிடத் தடித்த கழுத்து. அதிலும் டிரஸ் ராடு இருக்கிறது.

இருந்தும் செய்தே தீருவேன் என்றால்: சட்டத்தின் பக்கவாட்டில் ரேகையைப் பாருங்கள். முழு நீளத்துக்கும் நேராக ஓட வேண்டும், குறுக்கே வெளியேறினால் முறுக்கும். ராடு உட்காரும் வாய்க்காலுக்கு ரூட்டர் தேவையில்லை. கழுத்தை மூன்று பட்டையாக ஒட்டுங்கள், நடுப் பட்டை 6 மி.மீ. கனம், உயரம் மட்டும் ராடின் ஆழத்துக்குக் குறைவாக. ஒட்டி முடித்ததும் வாய்க்கால் தானாக இருக்கும். ராடைக் கையில் வைத்து அளந்த பிறகே பட்டையை அறுக்க வேண்டும், கடைக்குக் கடை அளவு மாறும். தேக்கில் எண்ணெய் உண்டு. அசிட்டோனால் துடைத்து, உலர்ந்த உடனே ஒட்டாவிட்டால் பிடிக்காது.

ஃப்ரெட் (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) இடம் 17.817 வகுத்தல்தான்: மிச்சமிருக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் அதால் வகுக்க வேண்டும். 648-க்கு முதல் ஃப்ரெட் 36.37, இரண்டாவது 70.70, மூன்றாவது 103.10, ஐந்தாவது 162.55, ஏழாவது 215.51, பன்னிரண்டாவது 324. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே (கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) அளக்க வேண்டும். ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு அளந்தால் ஒவ்வொரு பென்சில் கோட்டின் பிழையும் கூடிக்கொண்டே போகும். பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் இடைவெளி 18 மி.மீ. தான், அங்கே 1 மி.மீ. தவறினால் 5 சென்ட்டுக்கு (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேல் சுருதி விலகும், காது கண்டுபிடித்துவிடும்.

வெட்டு 0.6 மி.மீ. அகலத்துக்கு மேல் போகக் கூடாது. சாதாரண ஹேக்சா பிளேடின் பல் இரு பக்கமும் விரிந்திருப்பதால் வெட்டு அகன்றுவிடும். சாணைக்கல்லில் பல்லின் பக்கங்களைத் தேய்த்து, வீண் மரத்தில் அறுத்து, ஃப்ரெட் கம்பி சுத்தியலால் தட்டினால் மட்டும் இறங்குகிறதா என்று பாருங்கள். கையால் அழுத்தியே இறங்கினால் அது நிற்காது, ஒரு மாதத்தில் முனை எழும்பும்.

வாங்கிய கழுத்திலும் ஃப்ரெட் மட்டம் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராடைத் திருகிக் கழுத்தை நேராக்கி, ஃப்ரெட் தலைகளில் மார்க்கர் பூசி, மட்டமான கிரானைட் துண்டில் 400 உப்புத்தாள் ஒட்டி நீளவாக்கில் தேயுங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் மை லேசாகப் போனதும் நிறுத்திவிட வேண்டும்.

நெளிகம்பி:

கழுத்தை வாங்கிவிடுகிறேன், தேக்கு அடுத்த கிட்டாருக்கு. பிரிட்ஜை எந்த இடத்தில் திருகுவது? ஒயரிங்கில் இரைச்சல் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஃப்ரெட்வரிசை:

விற்பவர் சொல்லும் நீளத்தை விடுங்கள், கழுத்தை மாட்டி நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். மெல்லிய ஈ (E) கம்பியின் சேடிலைக் கிட்டத்தட்ட முன்கோடிக்குக் கொண்டுவந்து, அந்தச் சேடில் முனை இந்த அளவில் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். தடித்த ஈ அதைவிட 3 முதல் 5 மி.மீ. பின்னால் போகும், அதற்குப் பின்பக்கம் இடம் வேண்டும். ஓட்டை போடும் முன் இரண்டு ஈ-க்கும் நூல் கட்டிப் பாருங்கள். கழுத்தின் இரு ஓரத்திலும் ஒரே இடைவெளி விழுந்த பிறகுதான் டிரில்லை எடுக்க வேண்டும். கம்பியை உடலுக்குள் விடும் வகை பிரிட்ஜ் வேண்டாம், கை டிரில் 44 மி.மீ. ஆழத்தில் விலகிப் பின்பக்கம் ஆறு ஓட்டையும் கோணலாக வரும்.

ஈயப்புகை:

சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள்) பிக்கப்புக்கு 250கே (கிலோ ஓம்) பாட் இரண்டு, ஏ வகை. கிடைக்கலைன்னா 500கே போடலாம், ஒலி கொஞ்சம் கூர்மையா இருக்கும். ரேடியோக் கடையில தர்ற 100கே வேண்டாம், மந்தமாயிடும். டோனுக்கு 473-ன்னு போட்ட கப்பாசிட்டர், அதாவது 0.047 மைக்ரோஃபாரட். சென்னைன்னா ரிச்சி தெருவுலயே இது எல்லாம் முடிஞ்சிடும்.

25 வாட் அயர்ன் ஒயர் முனைக்குச் சரி, பாட் முதுகுல ஈயம் பிடிக்காது. ரொம்ப நேரம் வெச்சா உள்ளே கார்பன் தடம் கருகும். முதுகை உப்புத்தாள்ல சுரண்டி 60 வாட்ல சட்டுனு வைங்க, இல்லன்னா பாட் நட்டுக்கு அடியில வளையத் தகடு ஒண்ணைப் போட்டு அதுல எர்த் எல்லாத்தையும் சேருங்க. பிரிட்ஜுக்கு அடியில ஒரு எர்த் ஒயர் கட்டாயம். உரிச்ச முனையை விரிச்சுத் தகட்டுக்கு அடியில மாட்டினா போதும்.

குழிகளுக்குள்ள செம்பு டேப் ஒட்டுங்க. ஒட்டுற பசை மின்சாரம் கடத்தாததா இருக்கலாம், அதனால ஒவ்வொரு இணைப்புலயும் ஒரு பொட்டு ஈயம் வைங்க. மல்டிமீட்டர்ல ஒரு குழியிலிருந்து இன்னொண்ணுக்குத் தொடர்ச்சி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பிக்கப்பை இறக்கணும்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைஞ்சா எர்த் சரியா இருக்கு, செம்பு டேப் மறைப்பு பத்தலை. தொட்டதும் கூடினா ஜாக்குல இரண்டு ஒயரும் மாறியிருக்கு. தொட்டாலும் விட்டாலும் ஒரே மாதிரி கத்தினா பிரிட்ஜ் ஒயர் விட்டுப்போச்சு. சத்தமே இல்லன்னா பிக்கப்பைத் தனியா அளங்க, 5-லிருந்து 10 கிலோ ஓம் காட்டணும். அளவு கடந்து காட்டினா உள்ளே கம்பி அறுந்திருக்கு.

இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஓடும்போது ஒலி மூக்கடைச்ச மாதிரி மெலிஞ்சா இரண்டோட அலைக் கட்டம் (ஃபேஸ்) எதிரெதிர். ஏதாவது ஒரு பிக்கப்போட இரண்டு ஒயரை மாத்திப் போடணும். டெலிகாஸ்டர் கழுத்துப் பிக்கப்பை மாத்தறதா இருந்தா கவனம்: அதோட உலோக மூடி உள்ளேயே எர்த் ஒயரோட சேர்ந்திருக்கும். அந்தச் சின்ன இணைப்பை வெட்டி, மூடிக்குத் தனியா ஒரு எர்த் ஒயர் இழுத்த பிறகுதான் இரண்டையும் மாத்தணும். இல்லன்னா மூடி முழுக்க சிக்னல்ல நிக்கும், கை பட்டாலே உறுமும்.