மறு: 'மாதிரி அளவு' – வேறு சொல் கிடைக்குமா?

அனைவருக்கும் வணக்கம்.

படிவம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். புற்றுநோய் மருந்து ஒன்றின் முதற்கட்டச் சோதனை. நோயாளிகள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம். சோதனையில் சேரும் ஆட்களின் எண்ணிக்கையை (சாம்பிள் சைஸ்) 'மாதிரி அளவு: 18' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், "பதினெட்டு மில்லி ரத்தமா எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். ஆய்வகத்தில் ரத்தமும் மாதிரி, புள்ளியியலில் ஆட்களும் மாதிரி. அதனால்தான் இந்த இழை.

> ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். 'பதவளவு' என்க.

புலவர் ஐயா, சொல் இனிக்கிறது. (பதவளவா, பதமளவா என்ற மூன்று மடல்களைத் தாண்டிப் போகிறேன், மன்னிக்கவும்.) ஆனால் பானைச் சோறு ஒரே சீராக வேகும், உடம்புகள் அப்படி இல்லையே. 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்தபோது, ஆறு பேருக்கு ஏறத்தாழ 10 நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். ஆறு பேருமே தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஒரு சோற்றைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தால்... சரி, இந்த இடத்தில் உங்கள் பழமொழிதான் ஜெயிக்கிறது.

> கூறளவு. பாடநூலிலேயே 'கூறு' இருக்கிறது.

டாக்டர் அம்மா, கட்டுரைக்குச் சரி. நோயாளிக்குக் கூறு என்றால் சந்தையில் கூறு கட்டி விற்கும் கத்தரிக்காய். ஆஸ்பத்திரியில் 'கூறு போடுவது' என்றால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு உறுத்துவது 'அளவு'தான். இந்தச் சோதனையில் மும்மூன்று பேராகச் சேர்க்கிறார்கள். மூவரில் யாருக்கும் கடும் பக்கவிளைவு வராவிட்டால் அடுத்த மூவருக்கு மருந்தைக் கூட்டுவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே மருந்தளவில் இன்னும் மூவர். இருவருக்கு வந்தால் கூட்டுவதை நிறுத்திவிடுவார்கள். மொத்தம் எத்தனை பேர் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது? உச்சவரம்பைத்தான் சொல்ல முடியும். போதாக்குறைக்கு மருந்துக்கும் அளவு, ஆளுக்கும் அளவு!

ஆகவே படிவத்தில் 'சேர்க்கப்படுவோர்: அதிகபட்சம் 18 பேர்' என்று போட்டுவிட்டேன். இது விளக்கம், கலைச்சொல் அல்ல என்று புலவர் ஐயா சொல்வார், சொல்லட்டும். நம் சொற்பட்டியலுக்குக் 'கூறளவு', நான்கு பேர் சம்மதம். பேராசிரியர் 'ஆளெண்'ணை இன்னும் விடவில்லை. அதை வேகமாகச் சொன்னால் 'ஆள் ஏன்?' என்று காதில் விழுகிறது, ஐயா.

பி.கு.: 'பைலட் ஸ்டடி'க்குத் (சிறிய முன்னோட்ட ஆய்வு) தமிழ்ச்சொல் கேட்டு வெள்ளிக்கிழமை வரை யாரும் இழை தொடங்க வேண்டாம்.